கோடைக்கு ஒரு வக்காலத்து

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு உலகத்தில் எல்லாம் பிடிக்கும். கோடைகாலம் ஒன்றுதான் பிடிக்காது. பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பிக்கும் தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தின வாரமே மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். இந்த வருஷமும் கட்டினார். "கொடைக்கானலுக்கு வாருமையா, இங்கே கிடந்து வேகாதீர்" என்று என்னையும் அழைத்தார்.

"நான் ஊருக்குப் போகிறேன்" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"என் ஊருக்குத்தான். புதுக்கோட்டைப் பக்கம்."

"மே மாதத்திலா?" என்று கேட்டுவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாக என்னைப் பார்த்தார். "பொங்கலுக்குப் போனாலும் அர்த்தம் உண்டு. வெயிலில் கிராமத்தில் என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கோடையின் பேரில் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு வழக்குப் போட்டிருக்கிறோம். எதிர்த்தரப்பில் ஆஜராக ஒரு வக்கீலும் இல்லை. ஃபீஸ் இல்லாமல் நான் வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் ஓடுகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோடைக்குப் பயந்து மலை ஏறுவது நம்முடைய புராதனப் பழக்கம் அல்ல. 1819-ஆம் வருஷம் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறினார். அப்புறம் அந்த நூற்றாண்டிலேயே, வெயில் வந்தால் மதராஸ் சர்க்கார் கட்டுக் கட்டாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு உதகைக்கு ஏறிவிடுவது என்று வழக்கமாயிற்று. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குளிர் தேசத்தில் பிறந்தவர்கள். நம் வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட உடையோடு வாழ விதிக்கப்பட்டவர்கள். அவர்கள் 1947-இல் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். வெயில் பயத்தை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நாமும் பத்திரமாக வைத்துக் காப்பாற்றி வருகிறோம். எவ்வளவு பத்திரமாக என்றால், மலைகள் நம்மைத் தாங்க மாட்டாமல், 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்று ஒன்று வந்தது. காற்று வாங்கப் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று!

என் நண்பர் சீட்டு வாங்கிக்கொண்டு போனார். மலைப்பாதையில் முன்னால் நூறு கார், பின்னால் நூறு கார், நடுவில் நாலு மணி நேரம் வியர்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். அதைச் சென்னையிலேயே செய்திருக்கலாம்.

நான் ஊருக்குப் போனேன். போன அன்றே எனக்கு ஓர் அவமானம் நடந்தது. என் சென்னை வீட்டு மொட்டை மாடியில் பதினாறு தொட்டிகளில் நான் ஒரு தோட்டம் போட்டிருக்கிறேன். தென்னை நார்க் கழிவு, கடையில் வாங்கிய உரம், பச்சை வலைக் கூரை, எல்லாம் உண்டு. காய் மட்டும் இல்லை. ஒரு கத்தரிச் செடி சித்திரை முழுவதும் யோசித்து, ஒரு பூ விட்டு, அதையும் உதிர்த்துவிட்டது. இந்தத் துக்கத்தை அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பதில் சொல்லாமல் என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே குளிக்கிற தண்ணீர் ஓடி வாழைக்குப் போயிற்று. பாத்திரம் அலம்பின தண்ணீர் கீரைக்குப் போயிற்று. கத்தரிப் பாத்தியில் மண் கண்ணுக்கே தெரியவில்லை. காய்ந்த சருகைப் பரப்பி மூடியிருந்தாள். இலையிலே சாம்பல் தூவியிருந்தது. பாகல் கொடிக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்து மட்டும் புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தாள். பானை கசிய, வேர் தேடி வந்து குடிக்கிறது. வெயில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பந்தலில் புடலங்காய்கள், நுனியில் ஆளுக்கொரு கல்லைக் கட்டிக்கொண்டு நேராகத் தொங்கின. கல் கட்டாவிட்டால் சுருண்டுகொள்ளுமாம். மனிதர்களிலும் சிலருக்கு இந்த வைத்தியம் செய்து பார்க்கலாம்.

"வெயிலு செடியைக் கொல்லாதுப்பா. மண்ணைத் தொறந்து போட்டாத்தான் கொல்லும்" என்றாள் அத்தை.

கொல்லைக்கு அப்பால் வயலில் ஒருவர் உழுதுகொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு விதைப்பு இல்லை, எதற்கு உழுகிறார்? சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பழமொழி இருக்கிறது. கோடையில் உழுத மண் புரண்டு கிடந்தால், உள்ளே பதுங்கிய கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் கொக்கின் வாயிலும் சாகும். கோரைக் கிழங்கு காய்ந்துபோகும். பெய்கிற கோடை மழை ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கும். மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குவதில் பாதி வேலையைச் சூரியன் சும்மா செய்து தருகிறான். அவனுக்கு வயலைத் திறந்து காட்டினால் போதும்.

வீட்டுக்கூரையிலும் இதே வேலைதான் நடந்தது. ஒரு பாயில் வடாம், ஒரு பாயில் மோர் மிளகாய், ஒரு முறத்தில் சுண்டைக்காய், இன்னொன்றில் கொத்தவரை. காக்கை வராமல் இருக்கக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் காவல் வைத்திருந்தார்கள். காக்கை குடைக்குப் பயப்பட்டது. காவலுக்கு இருந்த பேத்திதான் பச்சை வடாம் மாவைத் தின்றுகொண்டிருந்தாள். ஜாடியில் மாவடு ஊறிற்று. காலையில் பழைய சோறும் அந்த மோர் மிளகாயும், பகலில் நுங்கு. நுங்கைக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கட்டைவிரல் எதற்காகப் படைக்கப்பட்டது என்று தெரியாது.

இதையெல்லாம் நாக்கு ருசிக்காக நான் அடுக்கவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூரையில் காய்வது எதுவும் கோடையில் சாப்பிட அல்ல. ஐப்பசி அடைமழையில், கொல்லையில் காய் இல்லாத நாளில், வற்றல் குழம்பாகவும் பொரித்த வடாமாகவும் இறங்கி வரப் போகிறது. கோடை என்பது விடுமுறை அல்ல; மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் காலம். இதுதான் என் கட்சிக்காரரின் முதல் சாட்சியம்.

இரண்டாவது சாட்சியம் கண்மாய்.

நான் போய் நாலாம் நாள் மீன்பிடித் திருவிழா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்போது, ஊர் கூடி ஒருநாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். விடிவதற்கு முன்பே ஜனம் கரையில் வந்து நிற்கும். கையில் ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றும் இல்லாதவர்களிடம் பழைய கொசுவலை. பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், அத்தனை பேரும் ஒரே மூச்சில் தண்ணீரில் விழுவார்கள். சாதாரண நாளில் பார்த்தால் பேசிக்கொள்ளாத பங்காளிகள்கூட அன்றைக்கு ஒருவர் வலையில் ஒருவர் விழுந்து புரளுவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் சமைத்து உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

நானும் ஓர் ஊத்தாவை இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினேன். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். நான் முதல் தடவை துழாவியதில் ஒரு கல் கிடைத்தது. இரண்டாம் தடவை என் காலே கிடைத்தது. பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் இடுப்புத் துணியில் மூன்று விராலைக் கட்டிக்கொண்டு, "பெரியப்பா, சும்மா வைக்காதீங்க. அமுக்குங்க!" என்று எனக்கு உபதேசம் செய்தான். அமுக்கினேன். கெளுத்தி ஒன்று என் விரலில் தன் முள்ளால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிற்று. சீமைக்கருவேல முள் ஒன்று காலில் ஏறிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது என் பையில் ஒரு விரல் நீளத்தில் இரண்டு கெண்டையும், ஒரு ஜிலேபியும் இருந்தன. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். விருந்தாளிக்கு விருந்தாளிதான் அகப்பட்டான்.

இருந்தாலும் அன்று மாலை ஊர் முழுவதும் ஒரே மணம். எந்த வீட்டு அடுப்பும் சும்மா இல்லை. பையன் தன் விரால்களில் ஒன்றை எனக்குத் தானம் செய்தான். அத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மிஞ்சிய மீனுக்கு உப்புப் போட்டுக் கூரையில், வடாமுக்குப் பக்கத்தில், காய வைத்தார்கள். காக்கைகளுக்குக் குடைப் பயம் அன்றோடு தெளிந்துவிட்டது.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால், 'ஆஹா, கிராமம்!' என்று நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். என் நண்பரின் கோடை ஓட்டத்தைவிட இந்தப் பெருமூச்சின் மேல்தான் எனக்குக் கோபம்.

மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போனேன். முந்தின நாள் ஆயிரக்கணக்கான பேர் கூச்சலிட்ட இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கலங்கிய சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது. கரையிலிருந்து மடையைப் பார்த்தேன். சின்ன வயதில் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்த மடைக்கல் இப்போது இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கல் இறங்கவில்லை; மண் ஏறியிருக்கிறது. கண்மாயின் மேற்குப் பாதி முழுக்கச் சீமைக்கருவேலம். இந்த மரத்தை நீர்நிலைகளிலிருந்து அகற்ற வேண்டும் என்று 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அந்த உத்தரவு எங்கள் மரங்களின் காதில் விழவில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன்: "கண்மாய் செத்துப்போச்சு அத்தை."

அவள் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். "கண்மாயும் வத்தல் மாதிரிதான்பா. காஞ்சாத்தான் அடுத்த வருசத்துக்கு ஆகும். ஆனா வத்தலைத் திருப்பிப் போட ஆளு வேணும்ல? நேத்து மீனுக்கு வந்தீங்களே, மண்ணுக்கு ஒருத்தன் வந்தானா?"

நேயர்களே, நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். வார்த்தையில் என்னை யாரும் சுலபமாக மடக்கிவிட முடியாது. அன்றைக்கு மடங்கிப்போனேன்.

அந்தக் காலத்துக் கோடையில் மீன்பிடி என்பது வேலையின் கடைசியில் வருகிற பாயசம். வேலை என்னவென்றால், வற்றிய கண்மாயில் படிந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவது. அந்த வண்டல் மழையோடு மேட்டிலிருந்து வந்த சத்து. வயலில் போட்டால் உரம். ஈரத்தையும் பிடித்து வைக்கும். கண்மாயிலோ அது எடுத்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு கூடை மண்ணுக்கு இரண்டு லாபம். அத்தோடு கரையின் எலி வளையை அடைப்பது, வரத்துக்காலைச் செதுக்குவது, மடையைச் செப்பனிடுவது. ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவதுதான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஆகையால் ஓர் ஊர் தூங்கினால் கீழே இருக்கிற ஊர் தவிக்கும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. இவற்றையெல்லாம் வருஷா வருஷம் உயிரோடு வைத்திருந்தது மழை மட்டும் அல்ல, கோடையும்தான்.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பார். "ஐயா, அந்தப் பொற்காலத்தில் மண் சுமந்தவன் யார், மீன் தின்றவன் யார்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நீர் பாய்ச்சியவரும் மடை திறந்தவரும் பெரும்பாலும் நிலமில்லாத, சேரியில் ஒதுக்கப்பட்ட மக்கள். களத்தில் அளந்து போட்ட நெல்தான் அவர்களுக்குக் கூலி. சுமக்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. போதாக்குறைக்கு 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று வெள்ளைக்கார சர்க்கார் ஒன்றைப் போட்டு, ஊர் வழக்கமாக இருந்ததைச் சட்டப்படி கட்டாயம் ஆக்கியது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகட்டும். அவர்கள் பிள்ளைகள் படித்து வெளியேறியது சரி. நான் கேட்பது வேறு. கட்டாயம் போயிற்று, நல்லது; வேலையும் ஏன் கூடவே போக வேண்டும்? கூலி கொடுத்துச் செய்யலாமே? 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நூறு நாள் வேலை வந்தபோது, எங்கள் கண்மாயில் பெண்கள் மண்வெட்டி பிடித்து வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது கரையில் குடைக்குக் கீழே நின்று, "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவரும் ஒரு கூடை மண் சுமந்தவர் இல்லை.

"சர்க்கார் செய்ய வேண்டும்" என்பார் இன்னொருவர். செய்யாமல் இல்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது. விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். பிறகு என்ன நடந்தது? எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். வண்டல் எடுக்கிறோம் என்று யந்திரம் வந்தது. மேலே ஓரடி வண்டலைத் தள்ளிவிட்டு, ஒரே இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, கீழே இருந்த மணலை லாரி லாரியாகக் கொண்டுபோயிற்று. கண்மாய்க்கு அடியில் இருக்கிற களிமண்தான் தண்ணீரைத் தாங்கும் தட்டு. அதை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. மடைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் தேங்குவது வயலுக்கும் வராது; ஆடு மாடும் பிள்ளைகளும் விழுவதற்குத்தான் ஆகும். ஊர் ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தேன். கோடையில் கண்மாய்ப் பக்கம் யாரும் போவதில்லையாம். வீட்டுக்காரன் போகாத அறையில்தானே திருடன் சாவகாசமாக இருப்பான்?

பட்டணத்து வாசகர்கள் இது தங்களுக்கு அல்ல என்று புரட்டிவிட வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை தண்ணீரில் மிதந்தது. நாலு வருஷம்கூட ஆகவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரே ஊர், ஒரு வருஷம் தண்ணீரை வெளியே இறைத்தோம், ஒரு வருஷம் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். மழையின் பேரில் தப்பு என்கிறோம், வெயிலின் பேரில் தப்பு என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்கிற மாதங்களில் நாம் மலைப்பாதையில் இ-பாஸோடு நின்றுகொண்டிருந்தோம். அல்லது என்னைப்போல், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

ஆம், நானும் குற்றவாளிதான். வக்காலத்து வாங்கின வக்கீலே குற்றவாளிக் கூண்டில் ஏறுவது புதுமைதான், என்றாலும் ஏறுகிறேன். கிராமத்தைப் பற்றி நான் எத்தனை கதை எழுதியிருக்கிறேன்! நுங்கு வந்திருக்கிறது, மீன் வந்திருக்கிறது, கிணற்றடி வந்திருக்கிறது. மண்கூடை வந்ததில்லை. கிராமத்தை ரசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதன் திருவிழாவை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டோம். வற்றலைத் தின்கிறோம், திருப்பிப் போட மாட்டோம்.

ஆகையால் கோர்ட்டார் முன் என் பிரார்த்தனை மிகச் சிறியது. மலைக்குப் போகிறவர்கள் போகட்டும். மீன்பிடித் திருவிழாவும் நடக்கட்டும். அடுத்த வருஷம் நானும் ஊத்தாவோடு வருவேன், அமுக்கவும் கற்றுக்கொள்வேன். ஆனால் துண்டை வீசுகிற பெரியவர்கள் மறுநாளைக்கும் ஒரு துண்டை வீச வேண்டும். மீனுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாள் மண்ணுக்கு நின்றாலும், கரையும் வரத்துக்காலும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். யந்திரம் வேண்டிய வேலைக்கு யந்திரம் வரட்டும். அது எவ்வளவு ஆழம் தோண்டுகிறது என்று பார்க்க நாலு பேர் வெயிலில் நிற்கட்டும். கூலிக்கு வருகிறவர்களுக்கு முழுக்கூலி கொடுக்கட்டும்.

புறப்படுகிற அன்று அத்தை ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்தாள். வடாமாக்கும் என்று வாங்கினேன்; கை இறங்கிப்போயிற்று. உள்ளே கண்மாய் வண்டல். "உன் கத்தரிக்குப் போடு" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காலால் தள்ளிப் பார்த்து, "என்ன சார் இது, கல்லு மாதிரி கனக்குது?" என்றார்.

"மண்" என்றேன்.

"மெட்ராஸுக்கா? மண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கத்தரி இப்போது மூன்று காய் விட்டிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து திரும்பிய நண்பரை அழைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "எந்தக் கடையில் உரம் வாங்கினீர்?" என்று கேட்டார்.

அடுத்த கோடையில் அவரைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். கூடையும் அவரே சுமக்க வேண்டும் என்பதை இன்னும் சொல்லவில்லை.